பதினேழாம் சொல்

அர்த்தமே இல்லாத சொற்கள் முப்பது வேண்டும் என்றார் பேராசிரியர்.
தமிழ் போல ஒலிக்க வேண்டும்,
தமிழாக இருந்துவிடக் கூடாது.

மூன்று வாரம் ஆனது.
எங்கிருந்தாவது ஓர் அர்த்தம் வந்து
ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
ஒன்று, உசிலம்பட்டிப் பக்கம் யாரோ ஒருவரின் பட்டப்பெயர்.
ஒன்றைக் கேட்டதும் ஆய்வகத்து நீலாபாய்
முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்;
சௌராஷ்டிரத்தில் அது என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை.
அடித்தோம்.
மிஞ்சியவை வெறும் சத்தங்கள்:
மிணுசோ, கெலாபு, நிடோமு, ராபிணேசு...

செல்லூர் அறுபதடி ரோட்டுக்கு உள்ளே,
நாலு விசைத்தறி ஓடும் வீட்டின் பின்னறை.
'அமைதியான அறையில் நடத்துக' என்கிறது கையேடு.
ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள்,
அதுவரை முறுக்கு தின்றுகொண்டு காத்திருந்தேன்.

சோனேஷ். வயது ஏழு.
சோனைச்சாமி பாதி, டிவி பாதி என்று
பெயருக்கு விளக்கம் சொன்ன அம்மாவின் பெயர் பேச்சி.
"பேச்சி பெத்தது பேசலைன்னு
கம்பெனியில சிரிக்கிறாளுக மேடம்,
அப்பளம் காயப்போடுறப்ப."

காது கேட்கிறது; பெரியாஸ்பத்திரியில் பார்த்தாயிற்று.
நாக்கில் வசம்பு உரசியாயிற்று.
செல்போனாலயா? வயித்துல இருக்கையில
கிரகணம் பாத்தேனே, அதாலயா?
இல்லை, இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும்.
எதனால் என்று சொல்லத் தெரியாது.
அதற்குத்தான் இந்த முப்பது.

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான்,
பேருந்து வரும் திசையைப் பார்ப்பது போல.
பதினேழு: நிடோமு.
"டோமு."
முதல் எழுத்து உதிர்ந்தது. பூஜ்யம் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து இரண்டாம் சுற்று.
செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சி பிடித்துக்கொண்டாள்.
"கரண்டு போனா டோமுங்கறான் மேடம்."
ஃபேனைச் சொல்கிறானோ?
"ஃபேனு இல்ல. தறி நிக்கும்ல,
அப்ப காதுக்குள்ள ஒரு இது வரும்ல, அதுக்கு."

அந்த 'இது'வுக்கு என்னிடம் சொல் இல்லை.
பதினோரு வருஷமாய் அந்த வீட்டில் இருப்பவளிடமும்
இருந்ததில்லை.

பேராசிரியரை அழைத்தேன்.
"அந்தப் பையனுக்கு மட்டும் பதினேழை எடுத்துடு.
அர்த்தம் ஏறிடுச்சு, இனி அது எதையும் சோதிக்காது."
சரிதான். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

நீக்கியதற்குக் காரணம் என்று படிவத்தில் கட்டங்கள்:
குழந்தை அழுதது. தூங்கிவிட்டது. கருவிக் கோளாறு.
மற்றவை.
மற்றவைக்கு ஒன்றரை அங்குலம் இடம்.

அன்றைக்கு மூன்று பத்துக்குக் கரண்டு போனது.
சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் இழுத்துக்கொண்டிருந்த நாள் அது,
தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன.
நாலும் சேர்ந்து நிற்பதில்லை;
கடைசித் தறி நாடாவை இழுத்து இழுத்து,
மனசில்லாமல் நின்றது.

பிறகு,
நான் கேட்காமல், என் வாயைப் பார்க்காமல்,
"டோமு."
அடுப்படியிலிருந்து பேச்சி, விசிறி மட்டையைத் தேடியபடி,
"ஆமாடா, டோமு."

பேட்டரியில் ஓடிய கருவி
அதன்பின் பதினோரு வினாடி
எதையும் பதிவு செய்யவில்லை என்று
மென்பொருள் காட்டுகிறது.
ஒலிக்கோடு படுத்துக் கிடக்கிறது.
அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

கரண்டு வந்தது. தொடர்ந்தோம்.
பதினெட்டு, கெலாபு: "லாபு." பூஜ்யம்.
பத்தொன்பது, ராபிணேசு:
உதட்டைக் கூட்டினான், விட்டுவிட்டான். பூஜ்யம்.
முறுக்கு வேண்டுமா என்றேன், கையை நீட்டினான்.

அறிக்கையில் அவன் மதிப்பெண்:
இருபத்தொன்பதுக்கு நாலு.